சின்னம்மாவுக்கு எம்.எஸ். என்றால் பெறாமகளுக்கும் வருமா? பரம்பரையலகுப் பரிசோதனை செய்யலாமா?

நல்லூர் அம்மா எழுதியது:

வணக்கம். என் கடைசித் தங்கை 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு, ஒன்பது வயதில், பெரியப்பா குடும்பத்துடன் கனடாவுக்குப் போய் ரொறன்ரோவில் வளர்ந்தவள். சென்ற வருடம் அவளுடைய இடக்கண் பார்வை சில நாட்களுக்குள் மங்கி, கண்ணை அசைக்கும்போது வலியும் எடுத்ததால், எம்.ஆர்.ஐ. ஸ்கானும் முள்ளந்தண்டு நீர்ப் பரிசோதனையும் செய்து, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்., உடலின் நோயெதிர்ப்புச் சக்தியே மூளையிலும் முண்ணாணிலும் உள்ள நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய்) என்று அங்குள்ள நரம்பியல் நிபுணர் உறுதிப்படுத்தியிருக்கிறார். மருந்து தொடங்கியாயிற்று, இப்போது வேலைக்கும் போய் வருகிறாள்.

என் கேள்வி மகளைப் பற்றியது. அவளுக்கு 24 வயது, திருமணப் பேச்சு நடக்கிறது. தங்கையின் செய்தி எப்படியோ ஊருக்குள் பரவி, மாப்பிள்ளை வீட்டார் தரகர் மூலம் "அது இரத்தத்தில் வருகிற வருத்தமா" என்று கேட்டுவிட்டார்கள். தங்கையின் கணவரோ, எச்சிலை எடுத்து அனுப்பினால் டிஎன்ஏ அறிக்கை தரும் நிறுவனம் ஒன்றின் பெட்டியை வாங்கி அனுப்புகிறேன் என்கிறார். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: நானும் என் கணவரும் சொந்த மச்சாள் மச்சான். அதனால் மகளுக்கு ஆபத்துக் கூடுமா? விடயம் தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

பரியாரி பேரன் எழுதியது:

அக்கா, மாப்பிள்ளை வீட்டாரின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எம்.எஸ். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு அப்படியே இறங்குகிற நோயன்று. பரம்பரையாகக் கிடைப்பது நோய் வருவதற்கான ஒரு சாய்வு மட்டுமே; அந்தச் சாய்வு உள்ளவர்களிலும் மிகப் பெரும்பாலானோருக்கு வாழ்நாள் முழுவதும் நோய் வருவதில்லை.

இதற்கு மிக வலுவான சான்று இரட்டையர்களிடமிருந்து கிடைக்கிறது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்களின் டிஎன்ஏ ஏறத்தாழ முழுவதும் ஒன்றே. ஆனாலும் ஒருவருக்கு எம்.எஸ். இருக்கும்போது மற்றவருக்கும் வருவது கனடாவில் நடந்த பெரிய ஆய்வில் நான்கில் ஒரு பங்குதான். வேறு வேறு கருவிலிருந்து வந்த இரட்டையர்களில் அது நூற்றுக்கு 5 அளவு. சாதாரண உடன்பிறந்தவர்களுக்கு நூற்றுக்கு 2 முதல் 4 வரை என்றும், பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால் பிள்ளைக்கு நூற்றுக்கு 2 அளவு என்றும் கணக்கிடுகிறார்கள். உங்கள் மகளைப் போல சின்னம்மா முறை உறவு என்றால் நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கிவிடும். இவை அனைத்தும் நோய் அதிகமாகக் காணப்படும் வட ஐரோப்பிய வம்சாவளி மக்களிடம் எடுத்த கணக்குகள் என்பதை மறக்கக் கூடாது. அங்கே எந்த உறவும் இல்லாத ஒருவருக்கே ஆயிரத்துக்கு 2, 3 என்று வாய்ப்பு இருக்கிறது. இலங்கையில் அடிப்படை அளவே அதைவிட மிகக் குறைவு. குறைந்த ஒன்றைச் சில மடங்காக்கினாலும் குறைந்த ஒன்றாகவே இருக்கும்.

சங்கானையான் எழுதியது:

வைத்தியர் தம்பி சொல்வது ஆறுதலாக இருக்கிறது. ஆனால் எனக்கு ஒப்புக்கொள்ள முடியவில்லை. குடும்பத்தில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்குப் பத்து மடங்கு வாய்ப்பு என்று நீங்களே ஒரு வகையில் சொல்கிறீர்கள். அது பரம்பரையலகால் அல்ல, ஒரே வீட்டில் ஒரே சாப்பாடு, ஒரே காற்று என்பதால் என்று யாராவது வாதிடக்கூடும். பரம்பரையலகுதான் காரணம் என்றால், தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய்க்குத் திருமணத்துக்கு முன் இரத்தம் பார்க்கச் சொல்வதுபோல இதற்கும் பார்க்கச் சொல்வதில் என்ன தவறு? இரண்டு குடும்பமும் தெளிவாகத் தெரிந்துகொண்டு முடிவெடுக்கட்டுமே. சொந்தத்துக்குள் மாறி மாறிச் செய்துகொண்டு, பிறகு விதி என்று சொல்லிக்கொண்டிருப்பதற்கு அது மேல் அல்லவா?

பரியாரி பேரன் எழுதியது:

ஐயா, முதலாவது ஐயத்தை 1995 இல் கனேடிய ஆய்வொன்று தீர்த்துவைத்தது. எம்.எஸ். உள்ளவர்களோடு ஒரே வீட்டில் வளர்ந்த, ஆனால் இரத்த உறவில்லாத தத்துப்பிள்ளைகளையும் தத்துச் சகோதரர்களையும் தேடிக் கணக்கெடுத்தார்கள். அவர்களுக்கு ஊரில் உள்ள மற்றவர்களைவிட நோய் அதிகமாக வரவில்லை. ஆகவே குடும்பங்களுக்குள் நோய் திரளுவதற்கு வீடோ சாப்பாடோ காரணமன்று, டிஎன்ஏதான் காரணம் என்பதில் நாம் இருவரும் ஒரே பக்கத்தில்தான் நிற்கிறோம்.

வேறுபாடு தலசீமியாவில் இருக்கிறது. தலசீமியாவில் கோளாறு ஒரே பரம்பரையலகில். தாயும் தகப்பனும் காவிகளாக (கோளாறான பிரதி ஒன்றைச் சுமந்தும் கடும் நோய் இல்லாதவர்களாக) இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று; இருவரில் ஒருவர் மட்டும் காவி என்றால் பிள்ளைக்குக் கடும் நோய் வராது. அதனால்தான் திருமணத்துக்கு முன் பார்க்கும் பரிசோதனையால் ஒரு முடிவை எடுக்க முடிகிறது. எம்.எஸ்ஸில் "காவி" என்று ஒருவரைச் சுட்டவே முடியாது, ஏனென்றால் அதன் வாய்ப்பைச் சிறிது சிறிதாகக் கூட்டும் பரம்பரையலகு வடிவங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு, நாம் எல்லோருமே அவற்றில் சிலவற்றைக் காவிக்கொண்டுதான் திரிகிறோம்.

சொந்தத்துக்குள் திருமணம் பற்றி அக்கா கேட்டது நியாயமான கேள்வி. அவருடைய கணவர் தங்கைக்கும் மச்சான் முறை என்பதால், மகள் சின்னம்மாவோடு தாய் வழியாக நான்கில் ஒரு பங்கையும், தகப்பன் வழியாக மேலும் பதினாறில் ஒரு பங்கையும் பகிர்கிறாள். கூட்டினால் ஏறத்தாழ 31 சதவீதம். வழமையான 25 சதவீதத்தைவிட இது சற்றுக் கூட. உறவுத் திருமணம் செய்த பெற்றோருக்குப் பிறந்து எம்.எஸ். வந்தவர்களின் உடன்பிறந்தோருக்கு வாய்ப்பு வழமையைவிடக் கூடியிருந்ததாகக் கனடாவிலிருந்தே ஓர் ஆய்வு உண்டு. ஆனால் அக்காவின் மகள் எம்.எஸ். வந்தவரின் உடன்பிறந்தவள் அல்ல. அந்தச் சிறு கூடுதலைச் சேர்த்தாலும் மேலே சொன்ன எண்ணின் பருமன் மாறாது.

ஸ்காபரோ ஆய்வுகூடத்தான் எழுதியது:

நான் உரும்பிராயில் பிறந்து, இங்கே ரொறன்ரோவில் மரபியல் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்பவன். "பரம்பரையலகு" என்று பொதுவாகச் சொல்லப்படுவதற்குள் என்ன இருக்கிறது என்பதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன், ஏனென்றால் அந்த எச்சில் பெட்டியால் ஏன் பயனில்லை என்பது அதிலிருந்துதான் விளங்கும்.

எம்.எஸ்ஸுக்கும் எச்.எல்.ஏ. எனப்படும் இழைய வகைகளுக்கும் தொடர்பு உண்டு என்பது 1972 இலேயே தெரியவந்தது. ஆறாம் நிறமூர்த்தத்தின் குறுகிய புயத்தில் இந்தப் பரம்பரையலகுகள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. உடலுக்குள் வரும் கிருமியின் புரதத் துண்டுகளை வெண்குருதிக் கலங்களான டி கலங்களுக்கு எடுத்துக் காட்டும் மூலக்கூறுகளை ஆக்குவது இவற்றின் வேலை. இவற்றில் எச்.எல்.ஏ. டிஆர்பி1*15:01 என்ற வடிவம் ஒருவரிடம் இருந்தால் எம்.எஸ். வரும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்காகிறது. தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் இரண்டு பிரதிகள் கிடைத்திருந்தால் இன்னும் கூடும். மறுபக்கம், ஏ*02:01 என்ற வடிவம் ஓரளவு பாதுகாக்கிறது. இன்றுவரை கண்டறியப்பட்ட பொதுவான வடிவங்களில் டிஆர்பி1*15:01 தான் மிக வலுவானது. அதுவே மூன்று மடங்குதான் என்றால் மற்றவை எவ்வளவு மெலிந்தவை என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பெரிய அடி 2007 இல். ஐஎல்2ஆர்ஏ, ஐஎல்7ஆர் என்ற இரண்டு பரம்பரையலகுகள் சர்வதேசக் கூட்டமைப்பு ஒன்றின் ஆய்வில் வெளிப்பட்டன. இரண்டும் நிர்ப்பீடனக் கலங்களின் வளர்ச்சியோடு தொடர்புடையவை. பிறகு எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய், 2019 இல் 47,429 நோயாளிகளையும் 68,374 ஏனையோரையும் ஒப்பிட்ட ஆய்வில் 233 தொடர்புகள் நிறுவப்பட்டன. அவற்றில் 32 மேலே சொன்ன எச்.எல்.ஏ. பகுதியைச் சார்ந்தவை, 200 ஏனைய நிறமூர்த்தங்களில் பரந்து கிடப்பவை, ஒன்று மட்டும் எக்ஸ் நிறமூர்த்தத்தில். பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வரும் நோயில் எக்ஸ் நிறமூர்த்தத்திலிருந்து இதுவரை கிடைத்தது ஒன்றே ஒன்று என்பது எனக்கு இன்றைக்கும் வியப்புத்தான்.

இந்த இருநூற்றுச் சொச்ச வடிவங்களில் பெரும்பாலானவை ஒவ்வொன்றும் வாய்ப்பைப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் கூட்டுகின்றன. அவை ஏறத்தாழ எல்லாமே டி கலம், பி கலம், மூளைக்குள் காவல் புரியும் மைக்ரோகிளியா போன்ற நிர்ப்பீடனக் கலங்களில் இயங்குபவை; நரம்பையோ அதைச் சுற்றிய மயலின் உறையையோ நேரே ஆக்கும் பரம்பரையலகுகள் அல்ல. நரம்பு பிறவியிலேயே பலவீனம், அது குடும்பத்தில் இறங்குகிறது என்று ஊரில் பேசிக்கொள்வதற்கு இந்த ஆய்வுகளில் ஆதாரமில்லை.

இனிப் பெட்டிக்கு வருவோம். இந்த வடிவங்களுக்கெல்லாம் புள்ளி போட்டுக் கூட்டி ஒரு மொத்த எண்ணைத் தர முடியும். அந்தப் புள்ளிகள் ஐரோப்பிய வம்சாவளியினரிடமிருந்து கணித்தவை. தென்னாசியரிடம் அந்த வடிவங்களின் பரவலும், அருகிலுள்ள டிஎன்ஏ எழுத்துகளோடு அவை சேர்ந்து இறங்கும் முறையும் வேறுபடுவதால், அதே கூட்டலை நல்லூர்ப் பிள்ளை ஒருத்தியின் எச்சிலுக்குப் போட்டால் வரும் எண்ணை நம்ப முடியாது. ஐரோப்பியரிடமே அந்த எண் கூட்டத்தைக் கூட்டத்திலிருந்து பிரித்துக் காட்டுமே தவிர, இவருக்கு வரும், அவருக்கு வராது என்று சொல்லாது. வட ஐரோப்பாவில் நான்கில் ஒருவர் என்ற அளவில் டிஆர்பி1*15:01 உண்டு. அவர்களில் ஆயிரத்துக்குச் சிலருக்குத்தான் நோய் வருகிறது.

தனியுரிமை பற்றியும் ஒரு வார்த்தை. இந்தத் துறையில் மிகப் பெயர்பெற்ற அமெரிக்க நிறுவனம் ஒன்றிலிருந்து 2023 இல் ஏறத்தாழ 69 இலட்சம் வாடிக்கையாளர்களின் தகவல் களவுபோனது. 2025 மார்ச்சில் அது வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் போனது. மகள் எச்சில் அனுப்பினால் அதில் பாதி உங்களுடையது, பாதி உங்கள் கணவருடையது.

சங்கானையான் எழுதியது:

சரி, பெட்டி வேண்டாம் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி மிஞ்சி நிற்கிறது. அக்கா ஊரில் இருக்கிறார், நன்றாக இருக்கிறார். தங்கை ஒன்பது வயதில் கனடா போனார், நோய் வந்துவிட்டது. இருவருக்கும் தாய் தகப்பன் ஒன்றே. அந்த டிஆர்பி1 வடிவம் எங்களிடம் இல்லாததால்தான் இங்கே நோய் குறைவு என்று வைத்துக்கொண்டால், தங்கைக்கு அது எங்கிருந்து வந்தது?

ஸ்காபரோ ஆய்வுகூடத்தான் எழுதியது:

அது எங்களிடம் இல்லாத வடிவமே அல்ல ஐயா. டிஆர்பி1*15 குடும்பத்து வடிவங்கள் தென்னாசியாவில் தாராளமாக உண்டு. 2024 இல் வெளிவந்த பழங்கால டிஎன்ஏ ஆய்வு ஒன்று, சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் கிழக்குப் புல்வெளிகளிலிருந்து ஐரோப்பாவுக்குள் வந்த கால்நடை மேய்ப்போருடன் எம்.எஸ். வாய்ப்பைக் கூட்டும் வடிவங்கள் அங்கே பரவின என்று காட்டியது. மந்தைகளிலிருந்து தொற்றும் நோய்களை எதிர்க்க அவை உதவியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. வட ஐரோப்பாவில் நோய் ஏன் அதிகம் என்பதற்கு அது ஓரளவு பதில். எங்களுக்கு ஏன் குறைவு என்பதற்கு அது மட்டும் போதாது.

வேறுபாட்டின் பெரும்பகுதி சூழலில் இருக்கிறது, அதிலும் சிறுவயதுச் சூழலில். பிரித்தானியாவில் குடியேறிய இந்தியத் துணைக்கண்டத்தவரையும் அங்கேயே பிறந்த அவர்களின் பிள்ளைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 1990 இல் வெளிவந்தது. பெற்றோரிடம் நோய் மிகக் குறைவு. பிள்ளைகளிடமோ அந்நாட்டு மக்களை நெருங்கும் அளவு. ஒரு தலைமுறைக்குள் டிஎன்ஏ மாறாது. வளர்ந்த பிறகு போனவர்கள் பிறந்த நாட்டின் வாய்ப்பைப் பெரும்பாலும் கூடவே கொண்டுபோகிறார்கள். பதினைந்து வயதுக்கு முன் போனவர்கள் போன நாட்டின் வாய்ப்பை நோக்கி நகர்கிறார்கள் என்பது பழைய குடிபெயர்வு ஆய்வுகள் பலவற்றின் போக்கு. தங்கை போனது ஒன்பது வயதில்.

காரணம் என்ன என்பதில் இன்று முன்னணியில் நிற்பது எப்ஸ்ரைன்-பார் வைரஸ். அமெரிக்க இராணுவத்தில் சேவையாற்றிய ஒரு கோடிக்கு மேற்பட்டோரின் சேமித்த குருதி மாதிரிகளை வைத்து 2022 இல் வெளியான ஆய்வில், இந்த வைரஸ் தொற்றிய பிறகு எம்.எஸ். வாய்ப்பு 32 மடங்காகியது. நோய் வந்தவர்களில் ஆராயப்பட்ட 801 பேரில், நோய் தொடங்குமுன் வைரஸ் தொற்றாதவர் ஒரே ஒருவர். அதே வருடத்தில், வைரஸின் ஒரு புரதத் துண்டும் மூளையில் உள்ள கிளியல்காம் என்ற புரதத்தின் ஒரு துண்டும் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் ஒரே பிறபொருளெதிரி இரண்டையும் தாக்கக்கூடும் என்று இன்னொரு குழு காட்டியது. எங்கள் ஊர்களில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த வைரஸ் மிகச் சிறுவயதிலேயே, அறிகுறி எதுவும் இல்லாமல் தொற்றிப் போய்விடுகிறது. மேலைநாடுகளில் பலருக்குப் பதின்மவயதில், கழுத்துக் கட்டியும் கடும் காய்ச்சலுமாக வருகிறது. அப்படி வந்தவர்களுக்குத்தான் எம்.எஸ். வாய்ப்பு மேலும் கூடுகிறது.

அடுத்தது வெயில். யாழ்ப்பாணம் வடக்கு அகலக்கோடு 10 பாகைக்கும் கீழே, ரொறன்ரோ 43க்கு மேலே. எங்கள் தோலின் நிறத்துக்கு இங்கத்தைய மாரிகாலச் சூரியன் விற்றமின் டி ஆக்கப் போதாது. பிறப்பிலேயே விற்றமின் டி அளவைக் குறைக்கும் வடிவங்களை உடையவர்களுக்கு எம்.எஸ். வாய்ப்புச் சற்றுக் கூட என்று கண்டிருக்கிறார்கள், ஆகவே இது வெறும் தற்செயல் ஒற்றுமையன்று.

கைதடி வாத்தியார் எழுதியது:

எல்லோரும் நோய் எம்.எஸ். தான் என்று எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள். அந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும் என்று நான் கேட்பதற்குக் காரணம் என் சொந்த அனுபவம்.

எனக்கு முதலில் வந்தது விக்கலும் வாந்தியும், வாரக்கணக்காக நிற்கவில்லை. தனியார் வைத்தியசாலை ஒன்றில் வயிற்றுப் புண் என்று மருந்து தந்தார்கள். பிறகு ஒரு காலை முற்றத்துச் செவ்வரத்தம்பூவைப் பிடுங்கும்போது, வலக்கண்ணால் பார்த்தால் சிவப்பாகவும் இடக்கண்ணை மட்டும் திறந்து பார்த்தால் ஊறிப்போன தேயிலைச் சாயம் போலவும் தெரிந்தது. அதன் பின் கால்கள். முதலில் எம்.எஸ். என்று எழுதிவிட்டார்கள், குடும்பத்தில் இன்னொருவருக்கும் வருமோ என்று என் தம்பியும் தங்கையும் பட்ட பாடு சொல்லி மாளாது. முண்ணாணில் நீளமாக ஓடிய வீக்கத்தைப் பார்த்த நிபுணர் ஒருவர், அக்குவாபோரின்-4 பிறபொருளெதிரிக்கு இரத்தம் அனுப்பச் சொன்ன பிறகுதான் இது பார்வை நரம்பையும் முண்ணாணையும் தாக்கும் நியூரோமயலைற்றிஸ் ஒப்ரிக்கா என்ற வேறு நோய் என்று தெரிந்தது.

பரியாரி பேரன் எழுதியது:

வாத்தியார் சொன்னது இந்த இழையிலேயே நடைமுறைக்கு மிக உதவக்கூடியது. அந்தப் பிறபொருளெதிரி 2004 இல்தான் கண்டறியப்பட்டது. அதற்கு முன் ஆசியாவில் எம்.எஸ். என்று எழுதப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு உண்மையில் இருந்தது இந்த மற்ற நோய்தான். இது குடும்பத்துக்குள் இன்னொருவருக்கு வருவது அரிது. அதைவிட முக்கியம், எம்.எஸ்ஸுக்குக் கொடுக்கும் இன்டர்பெரோன் பீற்றா, பிங்கோலிமொட் போன்ற மருந்துகள் இதை மோசமாக்கக்கூடும். ஆகவே "எங்கள் குடும்பத்தில் எம்.எஸ். உண்டு" என்று சொல்லுமுன் அந்த முதல் நோய்ப் பெயர் எப்படி வந்தது என்று கேட்க வேண்டும். அக்காவின் தங்கைக்கு முள்ளந்தண்டு நீரில் ஒலிகோகுளோனல் பட்டைகள் (எம்.எஸ். உள்ள பெரும்பாலானோரிடம் காணப்படும் பிறபொருளெதிரிப் புரதங்களின் தடம்) இருந்தனவா, அக்குவாபோரின்-4 பார்த்தார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

நல்லூர் அம்மா எழுதியது:

தங்கையிடம் இரவே கேட்டேன். பட்டைகள் இருந்தனவாம், மற்றப் பரிசோதனையில் ஒன்றும் இல்லையாம். ஆகவே எம்.எஸ். தான். பெட்டியை அனுப்ப வேண்டாம் என்று அவள் கணவரிடம் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை வீட்டாருக்கு என்ன சொல்வது என்பதில்தான் இன்னும் தயக்கமாக இருக்கிறது. கீழே எழுதப் போவது என் மகள். எனது கணக்கிலிருந்தே எழுதுகிறாள்.

மகள் எழுதுகிறேன். அவர்களுக்குச் சொல்ல வேண்டியதை நானே சொல்லிவிட்டேன்: சின்னம்மாவுக்கு இருப்பது உண்மை, எனக்கு வராமலிருக்கும் வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல், அது போதாது என்றால் வேறு இடம் பார்க்கலாம். என் கவலை வேறு இருவரைப் பற்றியது. என் அண்ணா ஒரு நாளைக்கு ஒரு பெட்டி சிகரெட் புகைப்பவர்; வேலைக்காக நோர்வே போக முயல்கிறார். சின்னம்மாவின் மகளுக்கு, அதாவது என் தங்கச்சிக்கு, 12 வயது, பிறந்ததே ரொறன்ரோவில். எங்கள் எல்லோரிலும் அவளுக்குத்தானே வாய்ப்புக் கூட? அவளுக்கு இப்போதே ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால் என்ன?

பரியாரி பேரன் எழுதியது:

தங்கச்சி, நீங்கள் கேட்டதில் அண்ணாவின் விடயம்தான் உடனே ஏதாவது செய்யக்கூடியது. சுவீடனில் 2011 இல் வெளியான ஆய்வொன்றில், டிஆர்பி1*15 இருந்து, பாதுகாக்கும் ஏ*02 இல்லாத புகைக்காதவர்களுக்கு வாய்ப்பு சுமார் 5 மடங்கு; அதே இழைய வகையோடு புகைப்பவர்களுக்குச் சுமார் 13 மடங்கு. இரண்டும் வெறுமனே கூடவில்லை, ஒன்றையொன்று ஊதிப் பெருக்குகின்றன. அண்ணாவின் இழைய வகை என்ன என்று தெரியாமலேயே அவருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லலாம். வளர்ந்த பிறகு போகிறவர் என்பதால் நோர்வேயை நினைத்துப் பெரிதாகப் பயப்படத் தேவையில்லை. சிகரெட்டை விடட்டும், மாரிகாலத்தில் விற்றமின் டி எடுக்கட்டும்.

12 வயதுப் பிள்ளைக்கு வாய்ப்பு உங்களைவிடக் கூட என்பது சரி: தாய்க்கு நோய் உண்டு, பிறந்ததும் வளர்வதும் அங்கே. அப்படியிருந்தும் நூறு பேரில் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு வராத ஒன்றைப் பற்றித்தான் பேசுகிறோம். பதின்மவயதில் உடல்நிறை மிகையாகக் கூடுவதும் எம்.எஸ். வாய்ப்பைக் கூட்டும் என்பதால், சாப்பாட்டிலும் விளையாட்டிலும் கவனம் இருக்கட்டும். விற்றமின் டி அளவைக் குடும்ப வைத்தியரிடம் ஒருமுறை பார்க்கச் சொல்லலாம்.

அறிகுறி இல்லாத பிள்ளைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டாம். சின்னஞ்சிறு வெண்புள்ளி ஒன்று அதில் தெரிந்தால் அது நோயா, ஒன்றுமில்லையா என்று தீர்மானிக்க முடியாமல் வருடந்தோறும் ஸ்கான், வருடந்தோறும் பயம் என்று அந்தப் பிள்ளையின் பள்ளிப்பருவம் போய்விடும். ஒரு கண் மங்கி அசைக்கும்போது வலித்தாலோ, கைகால் அல்லது உடம்பின் ஒரு பக்கம் விறைத்தோ பலமிழந்தோ 24 மணித்தியாலத்துக்கு மேல் நின்றாலோ, அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டுபோய், தாய்க்கு எம்.எஸ். உண்டு என்பதை முதல் வசனமாகச் சொல்லும்படி சின்னம்மாவிடம் சொல்லுங்கள்.